பூவராகர் கிளை

கொன்றை நாடு என்று ஒரு நாடு இருந்த காலத்தில், அதைப் பராக்கிரம கேசரி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். பராக்கிரமம் எல்லாம் பேரில்தான். எதிரி படையெடுத்து வருகிறான் என்றால்கூட, ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் வாளைத் தேடுவார். தேடினாலும் கிடைக்காது.

அரண்மனைத் தோட்டத்தில் நாற்பத்திரண்டு வகை ரோஜா இருந்தது. பன்னீர் ரோஜா, கொடி ரோஜா, கொத்துக் கொத்தாகப் பூப்பது, காலையில் மஞ்சளாகவும் மாலையில் சிவப்பாகவும் இருப்பது என்று ஒன்றுபோல் ஒன்று இருக்காது. எல்லாவற்றுக்கும் பேர் வைத்தவர் அரண்மனை அதிகாரி பூவராகர். ராஜ வதனம், ராஜ மந்தகாசம், ராஜ கோபம் என்று வைத்துக்கொண்டே போனார். ராஜ தும்மல் என்று ஒன்றுக்கு வைக்கப் போனபோது ராஜாவே தடுத்துவிட்டார்.

பேர் வைத்தது அவர், வளர்த்தது தோட்டக்காரன் செங்கோடன். ராஜா தினமும் காலையில் ஒரு நாழிகை செங்கோடனோடு பேசிக்கொண்டிருப்பார். பூவராகர் வாசலில் கால் கடுக்க நிற்பார். அந்த எரிச்சல் அவருக்கு வயிற்றிலேயே தங்கிவிட்டது.

ராஜாவின் செல்லச் செடி ராஜ வதனம். கப்பலில் வந்த கருஞ்சிவப்பு ரோஜா. அதன் வேர் நம் மண்ணில் பிடிக்காது. அதனால் செங்கோடன் காட்டு ரோஜாவின் வேரில் அதை ஒட்டுக் கட்டியிருந்தான். ஒட்டுக்குக் கீழேயிருந்து காட்டுக்கிளை அடிக்கடி தலைநீட்டும். செங்கோடன் கவாத்துக் கத்தரியை எடுத்து நறுக்கிவிடுவான்.

ஒருநாள் அதைப் பூவராகர் பார்த்துவிட்டார். ஓடிப்போய், அரசரின் பேர் கொண்ட செடியில் நன்றாக வளரும் கிளையாகப் பார்த்து இவன் வெட்டுகிறான், இது ராஜத்துரோகம் என்று வத்தி வைத்தார். அது காட்டுக்கிளை, பூக்காது என்று செங்கோடன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். ராஜாவுக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. தெரியாதபோது உத்தரவு போடுவது அவர் வழக்கம்.

"என் பிறந்தநாள் முடியும்வரை தோட்டத்தில் கத்தரி படக்கூடாது. இப்போது முளைத்திருக்கும் கிளை ராஜ வதனமாகப் பூத்தால், செங்கோடா, உன் வலது கை போகும்."

பிறந்தநாளுக்கு மூன்று மாதம் இருந்தது. செங்கோடன் ஒரு வேண்டுகோள் வைத்தான்.

"அரசே, கிளையின் அருமையைக் கண்டுபிடித்தவர் பூவராகர் ஐயா. அதற்கு அவர் பேரையே வைக்க வேண்டும்."

பூவராகருக்குப் பெருமையில் முகம் காதுவரை சிவந்தது. பலகையில் பேர் எழுதிக் கிளையில் மாட்டினார்கள். அவரும் தினமும் வந்து தம் கையாலேயே தண்ணீர் ஊற்றினார்.

பூவராகர் கிளை தளதளவென்று ஏறியது. மேலே ராஜ வதனம் வாடி, இலை உதிர்ந்து, குச்சியானது. ஆனால் செங்கோடன் உத்தரவுக்கு முந்தின வாரமே அதிலிருந்து துளிர்விடும் கண் ஒன்றை எடுத்து, கொல்லைக் கோடியில் வேறொரு காட்டுவேரில் ஒட்டியிருந்தான். அதை அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிறந்தநாளன்று சபை முழுக்கத் தோட்டத்துக்கு வந்தது. கிளை இரண்டு ஆள் உயரம் நின்றது. உடம்பெல்லாம் முள், ஒரு பூ இல்லை. ராஜா கிட்டே போனார். கிளை அவர் தலைப்பாகையைக் கொக்கி போட்டுத் தூக்கிக்கொண்டது. நாடு அதுவரை பார்க்காத வழுக்கையை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்குத்தான் அங்கே பாதிப் பேருக்குச் சம்பளம்.

"ஐயா," என்றான் செங்கோடன் பணிவாக, "இது ராஜ வதனமா, இல்லையா? நீங்களே சொல்லிவிடுங்கள்."

ஆமாம் என்றால், ராஜாவின் முகம் இந்த முள்புதர். இல்லை என்றால், செங்கோடன் சொன்னது சரி. பூவராகர் ராஜா பக்கம் திரும்பினார்.

"வெட்டி எறிந்துவிடலாம், அரசே."

"வெட்டினால் ராஜத்துரோகம் என்றவர் நீர்தானே? இன்று முடியும்வரை கத்தரிக்குத் தடை இருக்கிறது," என்றார் ராஜா, தலையைத் தடவிக்கொண்டே. "உம்முடைய கிளை. உம்முடைய கையாலேயே பிடுங்கும்."

பூவராகர் பிடுங்கி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குள் செங்கோடன் ராஜாவைக் கொல்லைக்கு அழைத்துப் போய், ஒட்டிவைத்திருந்த கண் செடியாகி முதல் கருஞ்சிவப்புப் பூ விட்டிருப்பதைக் காட்டினான். ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். அவன் வலது கையைத் தம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பிறகு சபைக்கு முன்னால் வந்து கேட்டார்.

"வெட்ட வேண்டிய கிளையை எப்படியப்பா கண்டுபிடிக்கிறாய்?"

"சுலபம், அரசே. மற்றவற்றைவிட நிமிர்ந்து நிற்கும். ஊற்றுகிற தண்ணீரை எல்லாம் குடிக்கும். பூ மட்டும் தராது."

ராஜா மெதுவாகத் திரும்பிச் சபையைப் பார்த்தார். அன்று மாலை கொன்றை நாட்டுப் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் கொஞ்சம் கூனி நின்றார்கள். ஒருவருக்கும் தாகமில்லை என்று, பானகம் அப்படியே திரும்பிப் போனது.