வாசலில் தொங்கிய வளையம்

தாழம்புதுக்குடி என்ற கடற்கரை ஊரில் ஒரு ஜெபவீடு இருந்தது. அதை நடத்தியவர் மதர் சலோமி. வயது நாற்பதுக்கு மேல் இராது. ஜெபிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று அவரிடம் வந்து சேர்ந்தவள் மிக்கேலம்மா. அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவைவிட சிஷ்யைக்கு இருபது வயது கூட. ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே, ஊருக்கு வேறென்ன வேலை?

புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் மும்பையில் வாழ்கிறாள். மிக்கேலம்மா தினமும் காலையில் ஜெபவீட்டுக்கு வருவாள். முற்றம் கூட்டுவாள். மதருக்கு எதிரே உட்கார்ந்து கண்ணை மூடுவாள். பரலோக மந்திரம் தண்ணீர் மாதிரி ஓடும். பிறர் பிழையைப் பொறுக்கிற வரி வந்ததும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு நாள் அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"மதர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"தம்பி முதல்ல வரணுமா, அக்கா முதல்ல போவணுமா?"

மதருக்குக் கதை தெரியும். தெரியாதவர் யார்? தம்பி சவேரி அடுத்த ஊரில்தான் இருக்கிறான். நடந்தால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் போய்விடலாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மகனுக்குக் கல்யாணம் வைத்தான். அக்காளை நேரில் வந்து தாம்பாளத்தோடு அழைக்கவில்லை. பத்திரிகையை ஆட்டோக்காரனிடம் கொடுத்துவிட்டான். வேலை நெருக்கடி என்றான். ஆட்டோவில் வந்த அழைப்புக்கு நான் ஏன் போகணும் என்று அக்காள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். அத்தை இல்லாமல் நடந்த கல்யாணமாம் என்று பந்தலில் நாலு பேர் பேச, தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்கு அறுந்த பேச்சுதான். கோயில் திருவிழாவில் சப்பரத்துக்குப் பின்னால் இரண்டு பேரும் நடப்பார்கள், ஒருவர் நிழல் ஒருவர்மேல் படாமல்.

"அவன் வந்து 'யக்கா'ன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதும் மதர். எல்லாத்தையும் கடல்ல போட்டிருவேன்."

"நீங்க போயி 'தம்பி'ன்னு கூப்பிட்டா?"

"நான் எதுக்குப் போவணும்? மூத்தவ நான்."

மதர் எழுந்து போய்ப் பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். என்றோ யாரோ ஜெபவீட்டுக்குக் கொடுத்த கிறிஸ்துமஸ் மரத்தின் அலங்காரச் சாமான்கள். மரத்தைக் கறையான் தின்றுவிட்டது. கண்ணாடிக் குண்டுகள், தகர மணிகள், விரல்நீள மத்தளங்கள், ஒரு கால் ஒடிந்த நட்சத்திரம், எல்லாம் தூசியும் தும்புமாகக் கிடந்தன.

"இதையெல்லாம் கோத்து ஒரு வளையம் கட்டுங்க. உங்க வீட்டு வாசல்ல மாட்டுங்க."

"வளையமா?"

"நான் படிச்ச ஊர்ல கிறிஸ்துமஸ் வந்தா வீட்டுக்கு வீடு கதவுல தொங்கும்."

"எதுக்கு மதர்?"

"வீட்டுல ஆள் இருக்கு, வாங்கன்னு சொல்ல."

கேட்டது என்ன, சொல்வது என்ன! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. ஆனாலும் குரு சொல் ஆயிற்றே. மிக்கேலம்மா பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கைவேலை அவளுக்குப் புதிதில்லை. வாழ்க்கைப்பட்டது வலை பின்னுகிற வீடு. முதலில் வட்டமாக ஏதாவது வேண்டுமே என்று கொல்லையில் தேடினாள். பழைய சைக்கிள் டயர் ஒன்று கிடைத்தது. சவுக்குக் கிளைகளை ஒடித்து வந்து டயர் தெரியாமல் சுற்றிக் கட்டினாள். வலை நூலால் குண்டுகளை ஒவ்வொன்றாக முடிந்தாள். திமிங்கிலமே இழுத்தாலும் அவிழாத முடிச்சு. இரண்டு குண்டு கையிலேயே நொறுங்கிக் கட்டைவிரலைக் கிழித்தது. சிவப்புக் குண்டெல்லாம் சாயம் போயிருந்ததால் வெள்ளைக் குண்டுகளை மட்டும் பூ மாதிரி கொத்துக் கொத்தாக வைத்து, இடையில் மணியையும் மத்தளத்தையும் நட்சத்திரத்தையும் செருகினாள். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இந்த நாலு வாரமும் கோயிலில் ஊதா நிறம்தானே போடுகிறார்கள் என்று அகலமான ஊதா ரிப்பனை நடுவில் முடிந்து, இரண்டு முனையையும் நீளமாகத் தொங்கவிட்டாள்.

அடடா, என்ன அழகு! அவளுக்கே கண்பட்டுவிடும் போலிருந்தது. மடியில் வைத்துக் கட்டியவள் அல்லவா, அவளுக்கு மணி தெரிந்தது, மத்தளம் தெரிந்தது, கால் ஒடிந்த நட்சத்திரம் தெரிந்தது. தெருவில் போகிறவனுக்கு என்ன தெரியும் என்று அவள் யோசிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடிந்ததும் வளையத்தை வாசல் கதவில் மாட்டினாள். கதவைப் பூட்டினாள். பலகாரச் சாமான் வாங்க முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனாள். போன் உள்ளே அலமாரியில் சார்ஜில் கிடந்தது. பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. நம்மை யார் தேடப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

திரும்பி வரும்போது உச்சி வெயில். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கோயில் மணி கேட்டது. விட்டு விட்டு, ஒற்றை ஒற்றையாக. துக்கமணி.

"சேசுவே! நல்ல நாளும் அதுவுமா எந்தப் பாவம் போய்ச் சேர்ந்துதோ" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

தெருமுனை திரும்பியதும் கூட்டம். அவள் தெருவில்தான். கிட்டே போகப் போகத் தெரிந்தது. அவள் வீட்டு முன்னால்தான். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. இரண்டு பேர் ஏணிமேல் நின்று தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தின் பின்னால் நின்ற ஒருத்தியின் முதுகைத் தட்டினாள்.

"யாருட்டி போனது?"

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "மிக்கேலம்மா."

"எந்த மிக்கேலம்மா?"

"ஊருக்குள்ள எத்தனை மிக்கேலம்மா இருக்கு? வலைக்கார வீட்டு மிக்கேலம்மாதான். காலையில பஸ் ஏறும்போதே மொகம் சரியில்லையாம். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே உசிரு போயிட்டுதாம். யாரோ மலர்வளையம்கூட வச்சிட்டுப் போயிருக்காவ, பாரு. பெட்டி இன்னும் வரல."

மிக்கேலம்மா பார்த்தாள். தூரத்திலிருந்து இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். பச்சைக் கிளை, வெள்ளைக் கொத்து, ஊதா நாடா. பூட்டிய கதவில் சாட்சாத் சாவு வளையம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கணம் அவளே நம்பிவிட்டாள். பஸ்ஸில் கண்ணயர்ந்தோமே, அப்போது போய்விட்டோமா? கட்டைவிரல் காயத்தை அழுத்திப் பார்த்தாள். சுரீர் என்றது. அப்பாடா.

வாயைத் திறந்து "நான் இருக்கேன்" என்று சொல்லப் போனாள். அதற்குள் அந்த அழுகை கேட்டது.

"யக்கா! ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டியே யக்கா!"

சவேரி. வாசலில், மண்ணில், குத்த வைத்து உட்கார்ந்திருந்தான். காலில் செருப்பு இல்லை. சட்டைப் பொத்தான் மாறிக் கிடந்தது. "நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னு இருந்தேனே! எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன் மூஞ்சியப் பாப்பேன்!" என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டான். மடியில் புதுச் சேலை ஒன்று.

அது கோடி. செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற கடைசிச் சேலை. அது வராமல் பெட்டியை மூடமாட்டார்கள். புருஷன் இல்லாதவளுக்கு வெள்ளைதான் வழக்கம். இவன் மயில்கழுத்து நிறத்தில் கொண்டு வந்திருந்தான். பக்கத்திலிருந்த பெண்கள் அதைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்கள். அவன் காதில் விழவில்லை.

மிக்கேலம்மா எட்டு வருஷம் காத்துக் கிடந்த வார்த்தை. கையிலிருந்த பை நழுவி, அரிசி மாவுப் பொட்டலம் தரையில் விழுந்து வெடித்தது.

எல்லோரும் திரும்பினார்கள்.

யாரோ ஒருத்தி வீறிட்டாள். தார்ப்பாய் கட்டியவன் ஏணியிலிருந்து குதித்தான். முன்வரிசையில் ஒப்பாரி வைத்த கிழவி, வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தாள். காலெல்லாம் மாவு படிய மிக்கேலம்மா நடந்து வந்தாள். கூட்டம் கடல் மாதிரி விலகிற்று.

"லேய், சவேரி."

அவன் நிமிர்ந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. மெதுவாக எழுந்தான். அவள் கையைத் தொட்டுப் பார்த்தான். சூடு இருந்தது.

"நீ... சாவலையா?"

"சாவலைலே. அது கிறிஸ்துமஸ் வளையம். வாசலுக்கு அழகா இருக்கட்டுமேன்னு நானே கட்டுனது."

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. செத்தவளே பலகாரத்துக்கு மாவு வாங்கி வந்திருக்காளே என்று ஒருத்தி சொல்ல, இன்னும் சிரிப்பு. இவ்வளவு நேரம் மண்ணில் புரண்டு அழுதவன் நடுவில் நின்றான். அவன் முகம் வெளுத்தது மாறிக் கறுத்தது.

"நல்லா ஆட்டம் காட்டிட்ட" என்றான். "என்னைய ஊருக்கு முன்னால கோமாளி ஆக்கிட்ட."

"ஐயோ, இல்ல லே, நான் தெரியாம..."

"இனி நீ நெசமாச் செத்தாலும் இந்த வாசலை மிதிக்கமாட்டேன்."

கையிலிருந்த சேலையை அவள் முகத்துக்கு நேரே எறிந்தான். திரும்பிப் பார்க்காமல் போனான். வெறுங்காலோடு, கொதிக்கிற மணலில்.

மிக்கேலம்மா ஒரு கையில் வளையமும் மறு கையில் சேலையுமாக ஜெபவீட்டுக்கு வந்தாள். மதர் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மணல் பரப்பிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் அவள் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"எல்லாம் உங்களாலதான் மதர்! தெரிஞ்சுதான் கட்டச் சொன்னீங்களா?"

"நான் வளையம்தான் கட்டச் சொன்னேன். டயரையும் ஊதா ரிப்பனையும் நானா குடுத்தேன்?"

மிக்கேலம்மா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"யக்கான்னு கூப்பிட்டான் மதர். எட்டு வருசம் கழிச்சுக் கூப்பிட்டான். ஆனா என்னைய இல்ல, என் பொணத்தை."

மதர் மணலை உதறிவிட்டு வந்து சேலையை எடுத்துப் பிரித்தார்.

"நல்ல நிறம்."

"சின்ன வயசுல எனக்கு இந்த நிறம்னா உசிரு. பாவி, இன்னும் ஞாபகம் வச்சிருக்கான்."

"இப்ப எங்க இருக்காரு?"

"வீட்டுக்குத்தான் போயிருப்பான். இனி வரமாட்டான். அவன் சொன்னாச் சொன்னதுதான், எங்கப்பன் புத்தி."

"அப்ப நீங்க போங்க."

மிக்கேலம்மா அழுகையை நிறுத்தினாள்.

"நானா? அத்தனை பேரு முன்னால சேலையை மூஞ்சியில எறிஞ்சிட்டுப் போனவன் வீட்டுக்கா? எனக்கு ரோஷம் இல்லையா மதர்?"

மதர் அவள் எதிரே மண்டியிட்டார். சேலையை இரண்டு கையாலும் விரித்தார். பெட்டியில் கிடப்பவளுக்குப் போர்த்துகிற மாதிரி, கழுத்திலிருந்து கால்வரை சுருக்கமில்லாமல் அவள்மேல் போர்த்தினார். ஓரங்களை நீவிவிட்டார். சிலுவை அடையாளம் போட்டார்.

மிக்கேலம்மா மூச்சுவிடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோடி போட்டாச்சு. நீங்க செத்தாச்சு" என்றார் மதர். "செத்தவங்களுக்கு ஏது ரோஷம்? போயிட்டு வாங்க."