சடையன் பறிக்காமல் விட்ட வெண்டைக்காய்

காட்டோரக் குளத்தங்கரையில் ஏழு குடும்பத்து மிருகங்கள் கூட்டாக ஒரு காய்கறித் தோட்டம் போட்டிருந்தன. விதை ஊன்றும் முன்பே ஒவ்வொரு குடும்பமும் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டது. அதற்கு ஈடாக ஐந்து நாளுக்கு ஒரு கூடை காய். விளைந்தால் எல்லாருக்கும் நிறையும்; விளையாவிட்டால் எல்லாருக்கும் குறையும். அதுதான் பேச்சு.

காய் பறிக்கும் வேலை முள்ளம்பன்றி சடையனுடையது.

கத்திரி வெயில் வந்தது. அவரை காய்ந்தது, புடலை சுருண்டது, வெண்டை மட்டும் தாக்குப்பிடித்தது. குளத்துத் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. அதை மொண்டு வர யானை கொம்பனின் தும்பிக்கையை விட்டால் வேறு வழியில்லை.

"சடையா! என் சனமெல்லாம் மலைக்குப் போயாச்சு. நான் உங்களுக்காகத்தான் நிக்கிறேன். அடுத்த கூடையும் இப்படி அரைகுறையா இருந்தா நானும் கிளம்பிடுவேன்!" என்றான் கொம்பன்.

"இருங்கண்ணே! அடுத்த கூடை நிறைஞ்சு வழியும்!" என்று சடையன் சொல்லிவிட்டான். எப்படி வழியும் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை பாத்திக்குப் போனான். காய்கள் விரல் நீளம் இருந்தன. பறிக்க வாயைத் திறந்தான்.

வேலி மரத்திலிருந்து மந்தி சிரித்தாள். "இதையா பறிக்கப் போறே? யானை பல்லு குத்தவா? அஞ்சு நாள் விடுப்பா! முழ நீளம் வளரும்!"

"பேச்சைக் கேக்காதே, சடையா! முத்திப்போகும்!" என்று வரப்பிலிருந்து மயில் கத்தினான்.

"உனக்குத் தோகையைத் தவிர என்ன தெரியும்?"

"உனக்கு வாலைத் தவிர என்ன தெரியும்?"

சடையனுக்குத் தலை கிறுகிறுத்தது. மயில் சொன்னால் மயில் சொல்வது சரி. மந்தி சொன்னால் மந்தி சொல்வது சரி. பறித்தால் கூடையின் அடிகூட மறையாது. பறிக்காவிட்டால்? ஒரு காயைக் கவ்வினான், விட்டான். வரப்புவரை போனான், திரும்பி வந்தான். கடைசியில் பறிக்காமலே போய்விட்டான்.

அடுத்தடுத்த நாளும் அப்படியே. காய் என்னவோ நீண்டது. ஆனால் பூவைக் காணோம். "வெயிலாக இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் காலை ஒரு காயைக் கடித்தான். பல் வழுக்கியது. உள்ளே நாரும் கல் போன்ற விதையும்தான். துப்பினான். செடியில் புதுப்பூ இல்லை, மொட்டு இல்லை, பிஞ்சும் இல்லை. 'ஒன்றைக்கூடத் தொடவில்லையே! பிறகு எப்படிக் குறைந்தது?'

பதறிப்போய்த் தோட்டத்தைச் சுற்றினான். கோடியில், ஐந்து நாளாய் அவன் எட்டிப் பார்க்காத, வேலி மறைவிலிருந்த இன்னொரு வெண்டைப் பாத்தியில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூ! கொத்துக் கொத்தாய்ப் பிஞ்சு! நடுவே உட்கார்ந்து ஒரு அணில் கொறித்துக்கொண்டிருந்தாள்.

"அடி திருடி!"

"ஐயோ அண்ணே, முள்ளைச் சிலிர்க்காதீங்க! தினம் நாலஞ்சு பிஞ்சுதான் எடுத்தேன்!"

"தினமுமா? அப்புறம் எப்படி இத்தனை காய்?"

"எனக்கும் அதாண்ணே புரியல! நான் எடுக்க எடுக்கப் பூக்குது. செடிக்கு என் மேல பாசமோ என்னவோ!"

ஒரே விதை, ஒரே தண்ணீர். காவல் காத்தது மலடாய் நிற்கிறது, களவு போனது காய்த்துக் குலுங்குகிறது! அவளை விரட்டுவதா, கும்பிடுவதா? சடையன் அந்தப் பாத்திக்கும் இந்தப் பாத்திக்கும் மாறி மாறி நடந்து பார்த்தான். பிறகுதான் மெல்ல உறைத்தது. அங்கே விதை முற்றிவிட்டது. தன் வேலை முடிந்ததென்று செடி ஓய்ந்துவிட்டது. இங்கே விதையை முற்றவே விடவில்லை. அதனால் செடியும் விடாமல் பூக்கிறது.

வெயில் ஏறியதும் ஏழு குடும்பமும் கூடையோடு வந்தன. கோடிப் பாத்தியின் காய்களைச் சடையன் ஏழாகப் பிரித்தான். ஆளுக்கு ஒரு பிடிதான் தேறியது.

கொம்பன் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். "இதுதான் வழியிற கூடையா?"

"தப்பு என்னுதுண்ணே. பெருசா தரலாம்னு பறிக்காம விட்டேன், முத்திப்போச்சு. முத்தல் காயையெல்லாம் இன்னைக்கே அறுத்துட்டா மறுபடி பூக்கும்னு நினைக்கிறேன். சத்தியமா சொல்லத் தெரியல."

மந்தி சத்தமில்லாமல் மரத்தைவிட்டு இறங்கி, முதல் முற்றலை முறுக்கிப் பிடுங்கினாள். மயில் இன்னொன்றைக் கொத்தினான். சடையன் பல் கூச அறுத்துக்கொண்டே போனான். கொம்பன் மலையைப் பார்த்தான், பாத்தியைப் பார்த்தான்.

"பூ வர்ற வரைக்கும் நிக்கிறேன். வரலேன்னா கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் நடந்தான்.

எட்டாம் நாள் ஒரு பூ வந்தது. அதற்கடுத்த வாரம் விரல் நீளத்தில் முதல் காய். மந்தி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் சடையன் அதைப் பறித்துக் கூடையில் போட்டான்.

உரிய நேரத்தில் கொஞ்சமாய்க் கொடுக்கக் கூசி, பிறகு பெரிதாய்க் கொடுக்கலாம் என்று தேக்கி வைப்பவர், கொடுக்க வேண்டிய நாளில் வெறுங்கையோடு நிற்க நேரும்.