சம்மணம் போட்டு ஓட்டிய கார்

“போன் செய்யறவன் கார் செய்யலாமா, சாமி?”

“கூடாது” என்றார் குட்டிச்சாமி.

அவ்வளவுதான். கடலை உரித்துக்கொண்டிருந்த கை நிற்கக்கூட இல்லை.

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு, கோயமுத்தூரிலிருந்து மயில்கரடு ஏறி வந்திருக்கிறார். இந்த ஒரு சொல்லுக்கா?

சாமிக்கு வயது நாற்பதுகூட இருக்காது. நாச்சிமுத்துவுக்கு அறுபது நெருங்குகிறது. ஆனாலும் மடத்து வாசலில் செருப்பை விட்டால் பெரியவர்தான் சின்னவருக்குச் சீடர். நாச்சிமுத்து ‘சாமி’ என்பார். குட்டிச்சாமி ‘அண்ணா’ என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் கிடையாது. சங்கடமெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான்.

“நான் கேட்டது காதுல விழுந்துச்சுங்களா?”

“விழுந்துச்சுங்கண்ணா.”

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.”

சாமி ஒரு கடலையை உடைத்தார். பருப்பை வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார்.

“கூடாதுங்கண்ணா.”

நாச்சிமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? சிட்டு போன் யாருடையது? சிட்டு வாட்ச் யாருடையது? ஊரில் பாதிப் பேர் காதில் மாட்டிக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறார்களே, அந்தச் சிட்டு இயர்போன் யாருடையது? எல்லாம் இந்த மனுஷனுடையது. அவரிடம் போய் இரண்டு தடவை கூடாது என்றால்?

“நீங்களுமா சாமி? ஊர்ல ஒருத்தன் பாக்கியில்லாம அதையேதான் சொல்றான். காதுல மாட்டறதச் செஞ்சவன் ரோட்டுல ஓடறதச் செய்யறானாம். டீக்கடையில கிண்டல், டிவியில கிண்டல். கல்யாணப் பந்தியில சாம்பார் ஊத்தறவன் ‘உங்க கார் எப்பங்க வருது’ன்னு கேட்டுட்டுச் சிரிக்கறான்.”

“சாம்பாரு நல்லாருந்துச்சுங்களா?”

“வெளையாடாதீங்க சாமி!”

சாமி நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

வேப்பமரத்தடியில் கார் நின்றிருந்தது. மாம்பழ நிறம். மின்சாரத்தில் ஓடுவது, அதனால் மலையேறி வந்த சத்தமே கேட்கவில்லை. மடத்து மயில் ஒன்று அதன் கண்ணாடியில் தெரிந்த இன்னொரு மயிலைக் கொத்திக்கொண்டிருந்தது.

“அதுங்களா?”

“அதேதான். மொத வண்டி. நானே ஓட்டிட்டு வந்தேன்.”

“செஞ்சு முடிச்சுட்டு, செய்யலாமான்னு கேக்கறீங்க.”

நாச்சிமுத்து துண்டை எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாலு மணிக்குக் கம்பெனியில கூட்டம் சாமி. எம்மச்சினன் சென்னியப்பன் கூப்பிடுவான். யாவாரமெல்லாம் அவன் கையில. ஒண்ணு, தீபாவளிக்கு இந்தக் கார வித்தாகணும். இல்லைன்னா கார்க் கொட்டாய இழுத்து மூடியாகணும். ரெண்டுல ஒண்ணு நான் சொல்லியாகணும்.”

“மூடினா?”

“மூடினா நான் செத்தேன்.”

அதை அவர் சும்மா சொல்லவில்லை.

“அந்தக் கொட்டாயில இருக்கற பசங்க நல்ல வேலைய விட்டுட்டு என்னை நம்பி வந்தவங்க. அவங்க மூஞ்சியப் பாத்து வீட்டுக்குப் போங்கன்னு சொல்லணும். என்னால ஆகாது.”

“அப்ப தீபாவளிக்கு வித்தர்லாமே.”

“வித்தர்லாம். ஒரே ஒரு சின்னப் பாக்கி. இறக்கத்துல நாம பிரேக்கே மிதிக்க வேண்டாம், ஸ்டீயரிங்கயும் தொட வேண்டாம், வண்டியே பாத்துக்கும். அதுல மட்டும் எப்பவாச்சும் கொஞ்சம் பிசகுது. பெருசா ஒண்ணும் இல்ல.”

சாமி இன்னொரு கடலையை உடைத்தார். நாச்சிமுத்துவின் குரல் உயர்ந்தது.

“எனக்குத் தெரியாத வேலையா சாமி இது? பேட்டரி எனக்குத் தெரியும். மோட்டார் தெரியும். தொடற திரை தெரியும். கார்ங்கறது என்ன? சக்கரம் வெச்ச போன். அவ்வளவுதான். ‘தெரிஞ்சத மட்டும் செய்யுங்க’ன்னு கோட்டுப் போட்டவனெல்லாம் வந்து புத்தி சொல்றான். தெரிஞ்சத மட்டும் செஞ்சிருந்தா நான் இன்னும் ஒப்பணக்கார வீதியில ரேடியோ ரிப்பேர் பாத்துட்டு இருப்பேன்!”

“நல்ல போனுன்னு எப்படிங்கண்ணா கண்டுபுடிப்பீங்க?”

கேட்டதுதான் தாமதம், நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. இந்தக் கதையைச் சொல்ல அவருக்கு அலுப்பே கிடையாது.

“போட்டுப் பாப்போம் சாமி. புது மாடல் வந்தா மொத போன என் கையில குடுப்பாங்க. கம்பெனியே சுத்தி நிக்கும். தலைக்கு மேல தூக்கி, சிமிட்டித் தரையில அப்படியே விட்டுருவேன்.”

“ஒடஞ்சா?”

“கைதட்டிச் சிரிப்போம். அன்னிக்கு எல்லாத்துக்கும் மைசூர்பாகு. மத்த கம்பெனியில ஒடஞ்சத மறைப்பாங்க. நாங்க மைசூர்பாகு குடுப்போம். மறுபடி செய்வோம், மறுபடி போடுவோம். ஒடையாம தாங்கற வரைக்கும் கடைக்கே போகாது. இருங்க, காட்டறேன்.”

காட்டாமல் விடுவாரா? மடியிலிருந்த போனை எடுத்தார். எழுந்து நின்று தலைக்கு மேல் தூக்கினார். கீழே இருந்தது பாறை.

விட்டார்.

போன் ணங்கென்று விழுந்தது. ஒரு துள்ளு துள்ளியது. மல்லாந்து கிடந்து மணி காட்டியது. மயில் பயந்து மரத்துக்குப் பறந்தது.

“எப்பூடி!” என்று நாச்சிமுத்து தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு, போனை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

சாமி போனைப் பார்க்கவில்லை. நாச்சிமுத்துவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியில் ஒட்டிய கடலைத் தொலியை உதறிவிட்டு எழுந்தார்.

“வாங்கண்ணா. காரையும் போட்டுப் பாத்தர்லாம்.”

“கார எப்படிங்க சாமி தூக்கறது?”

“எதுக்குத் தூக்கணும்? அது ஏற்கெனவே உசரத்துலதான நிக்குது.”

மயில்கரட்டுச் சாலை மடத்துக்குச் சொந்தமானது. அடிவாரத்தில் பூட்டிய கேட். பௌர்ணமிக்குத்தான் ஜனம் வரும். மற்ற நாளில் ஆடுகூட ஏறாது.

சாமி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். மடியில் கடலைப் பொட்டலம்.

“இறக்கத்துல வண்டியே பாத்துக்கும்னீங்கல்ல?”

“பாத்துக்கும்.”

“அப்பக் கால் எதுக்கு அங்க தொங்குது? மேல தூக்கி வெச்சுச் சம்மணம் போட்டுக்கங்க.”

நாச்சிமுத்து சாமியை ஒரு பார்வை பார்த்தார். சவால் என்று வந்துவிட்டால் அவர் பின்வாங்குகிற ஆளா? காலை மடக்கி, சீட்டின் மேல் சம்மணம் போட்டார். பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கார் இறங்கியது.

முதல் கொண்டை ஊசி வளைவு. கார் தானே வேகம் குறைத்தது. தானே திரும்பியது.

“பாத்தீங்களா!”

சாமி கடலை தின்றார்.

இரண்டாவது வளைவு. பூப்போலத் திரும்பியது.

“இப்ப என்ன சொல்றீங்க? ஊர்க்காரன் சிரிக்கறானே, எவனாச்சும் இப்படி ஒண்ணு செஞ்சிருக்கானா?”

“கடல நல்லாருக்குதுங்கண்ணா” என்றார் சாமி.

மூன்றாவது வளைவு செங்குத்து. வலப்பக்கம் பாறை. இடப்பக்கம், சாமி பக்கம், ஒன்றுமே இல்லை. வெறும் வானம், அதற்குக் கீழே மர உச்சிகள்.

கார் வேகம் குறைத்துக்கொண்டுதான் இருந்தது. நாச்சிமுத்துவுக்கும் அது தெரிந்தது. ஆனாலும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். சாமி வாயில் ஒரு கடலையைப் போட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாச்சிமுத்துவின் கால் சம்மணத்தைப் பிய்த்துக்கொண்டு கீழே பாய்ந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தது.

கார் குலுங்கி நின்றது. கடலையெல்லாம் சிதறிக் கண்ணாடியில் அடித்தது.



“எதுக்குங்கண்ணா மிதிச்சீங்க?”

“தெரியல சாமி. கால் அதுவாப் போயிருச்சு.”

“வண்டி திரும்பியிருக்காதுங்களா?”

“திரும்பியிருக்கும். அநேகமாத் திரும்பியிருக்கும்.”

“அநேகமான்னா?”



“எப்பவாச்சும் ஒருக்காப் பிசகும்னு சொன்னேனுங்களே. பிசகினாலும் பயமில்ல சாமி. எங்க போனெல்லாமே அப்படித்தான். மொதல்ல வித்துருவோம். கோளாறு தெரிஞ்சா ராத்திரியே அப்டேட் அனுப்புவோம். அவியவிய தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள சரியாயிரும்.”

“விடிஞ்சாச் சரியாயிருமுங்களா?”

“ஆயிருமுங்க.”

சாமி ஜன்னலை இறக்கினார். எட்டி, கீழே தெரிந்த மர உச்சிகளைப் பார்த்தார்.

“விடியறப்ப நான் எங்கீங்கண்ணா இருப்பேன்?”

 நாச்சிமுத்து பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே ஹேண்ட் பிரேக்கையும் போட்டார்.

“மேல போன விட்டீங்களே” என்றார் சாமி மெதுவாக. “அப்பப் புடிக்கறதுக்குக் கை போச்சுங்களா?”

“இல்லீங்க.”

“என்ன பண்ணுனீங்க?”

“சிரிச்சேனுங்க.”

அதற்குள் போன் அடித்தது. காரின் திரையில் சென்னியப்பன் பேர் வந்தது. மணி நாலு.

“மச்சான், எல்லாரும் இருக்கறோம். தீபாவளியா, மூடறதா? சொல்லுங்க.”

“ரெண்டும் இல்ல மாப்ள.”

“என்ன மச்சான் நீங்க! அந்தப் பிசகுதான? பசங்க பாத்துட்டே இருக்காங்க. மொதல்ல வித்தர்லாம், பின்னாடி அப்டேட் அனுப்பிக்கலாம். நாம எப்பவும் பண்றதுதான.”

“உங்கக்கா வீட்லதான இருக்கா?”

“அக்காவா? வீட்லதான் இருக்கும். எதுக்குங்க?”

“இப்பவே வரச் சொல்றேன். இதே மலையில, இதே வண்டியில, உங்கக்காளப் பின்னாடி உக்கார வெச்சுட்டு நான் கால மேல தூக்கி வெச்சுக்கறேன். பிரேக்கத் தொட மாட்டேன். வண்டி தானா இறங்கட்டும். சரீன்னு ஒரு வார்த்தை சொல்லு, தீபாவளிக்கு வித்தர்லாம்.”

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

“சொல்லு மாப்ள.”

“என்னங்க மச்சான் இப்படிப் பேசறீங்க…”

“அப்ப விக்க மாட்டேன்.”

“சரி, விடுங்க. மூடிரலாம். நமக்கெதுக்கு இந்தக் கருமாந்திரம்னு நான் மொதல்லயே—”

“மூடவும் மாட்டேன்!”

போட்ட சத்தத்தில் மேலே எங்கோ மயில் அகவியது.

“மச்சான், இந்தத் தீபாவளியும் வரலைன்னா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்டா! இயர்போன் செஞ்சப்பச் சிரிக்கலையா? போன் செஞ்சப்பச் சிரிக்கலையா? சிரிக்கறவன் வாய நான் தைக்க முடியுமா? இந்தத் தீபாவளி இல்லைன்னா அடுத்தது. அதும் இல்லைன்னா அதுக்கடுத்தது. என் நாற்காலி வேணும்னா எடுத்துக்கச் சொல்லு. கொட்டாய்ச் சாவிய மட்டும் எவனாச்சும் தொட்டீங்க, நடக்கறதே வேற. எம்பொண்டாட்டியப் பின்னாடி வெச்சுட்டு, சம்மணம் போட்டு, இந்த மலைய அடிவாரம் வரைக்கும் நான் இறங்கற அன்னிக்கு நானே கூப்பிடறேன். அன்னிக்கு மைசூர்பாகு வாங்கு. இப்ப வை!”

அவரே வைத்துவிட்டார்.

மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது. அதே சூட்டோடு சாமி பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கும் சேத்துத்தான் சாமி சொல்றேன். நீங்களும் கூடாதுன்னீங்க. ஒருக்காச் சொன்னது பத்தாதுன்னு மறுக்காவும் சொன்னீங்க. நான் கேக்கறதா இல்ல. கார் செய்யத்தான் போறேன். கோவிச்சுக்கிட்டாலும் சரி, இனி மடத்துப் பக்கமே வராதீங்கன்னு சொன்னாலும் சரி.”

சாமி குனிந்து, காலடியில் சிதறிக் கிடந்த கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கியதில் பாதியை நாச்சிமுத்துவின் கையில் வைத்தார்.

“கூடாதுன்னு நான் போன்காரருகிட்டதான் சொன்னேனுங்கண்ணா. பிரேக்க மிதிச்சவருகிட்ட இன்னும் ஒண்ணுமே சொல்லலையே.”