நஞ்சுக்கும் அதுதான் பெயர்

“டீச்சர், நாளைக்கு நான் நஞ்சாகப் போறன்.”

தவமலர் பதிவுப் படிவத்தை நூலக மேசையில் வைத்தாள். சுவீடனுக்கு வந்து, நாற்பத்திரண்டு வயதில் கூடிவந்த கல்யாணம். நாளைக் காலை குணசீலனோடு கையெழுத்து வைக்கப் போக வேண்டும்.

அவளுக்கு சுவீடிஷ் சொல்லித்தரும் தர்சிகாவுக்கு இருபத்தொன்பது வயதுதான். அதனாலென்ன, படிப்பிக்கிறவள் டீச்சர்தானே.

“என்னக்கா கதைக்கிறியள்?”

“இஞ்ச பாருங்கோ. இப்ப நான் ‘ஊயிஃப்ட்’, கல்யாணம் ஆகாதவள். நாளையில இருந்து ‘யிஃப்ட்’. அகராதியில பாத்தன். யிஃப்ட் எண்டா கல்யாணமானவராம். நஞ்சுக்கும் அதுதான் பேராம். ரெண்டு நாளா நித்திரை இல்லை.”

“ரெண்டும் ஒரு வேர்தான். ‘குடுக்கிறது’ எண்டதில இருந்து வந்தது.”

“கடவுளே!”

“ஊரில பொம்பிளைப் பிள்ளையை என்ன செய்வினம்?”

“கட்டிக் குடுப்பினம்.”

“நஞ்சை?”

தவமலர் படிவத்தைத் தள்ளி வைத்தாள். அதையும் கொடுக்கத்தான் செய்வார்கள்.

“நான் போகேல்லை டீச்சர். இந்தச் சொல்லுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. அவரில ஒரு குறையும் இல்லை.”

அது உண்மைதான். பெயரிலேயே குணத்தையும் சீலத்தையும் வைத்திருக்கிற மனிதர். ஒரு சொல்லுக்குப் பயந்து அவரை விடுவாயா என்று தங்கைகூட நேற்றுத் திட்டித் தீர்த்திருந்தாள்.

தர்சிகா பிளாஸ்க்கைத் திறந்து, கோப்பையில் தேநீர் ஊற்றி நீட்டினாள்.

தவமலர் வாங்கி ஒரு மிடறு குடித்தாள். நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

“உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு கேக்கேல்லையே, அக்கா?”

“நீங்கள் தந்தது. அதிலென்ன கேக்கிறது?”

“அவர் தந்தா?”

தவமலர் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை குணசீலன் கோப்பி போட்டுக் கொடுத்தார். அதற்கு முந்திய ஞாயிறும் கொடுத்தார். நல்ல கோப்பி.

தவமலர் கோப்பையை மேசையில் வைத்தாள்.

தர்சிகா மேசையில் திறந்து கிடந்த அகராதியை மூடி, அலுமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

“அவர் தாற கோப்பியைச் சூடெண்டு சொல்லி வச்சிருப்பன்,” என்றாள் தவமலர். “ஒவ்வொரு முறையும். அவர் முதல்ல குடிக்கட்டும் எண்டு.”