கை நின்ற இடம்

கயிலாசம் முப்பத்து மூன்று வருஷம் டிராயிங் வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்று, அறுபத்தோராவது வயதில், மலையடிவாரத்து மடத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தார். மடத்துத் தலைவி தெய்வநாயகி அம்மைக்கு நாற்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை. தன்னைவிடச் சின்னவர் காலில் விழுவதா என்று கயிலாசத்துக்கு முதல் நாள் கொஞ்சம் இடித்தது. "விழ வேண்டாம் ஐயா, இடுப்பு பிடிச்சுக்கும்" என்று அம்மையே சொல்லிவிட்டார்.

ஆடி மாதக் குருபூஜைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. காலையில் கயிலாசம் தன் தகரப்பெட்டியைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு அம்மையின் முன் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். கலைன்னா இதுதான்னு வரையறுத்துச் சொல்ல முடியுமா? இல்ல, எல்லாம் அவங்கவங்க மனசைப் பொறுத்ததா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

அவர் தாளை நீட்டினார். "என் பையன் இளங்குமரன் வரைஞ்சது. என் வகுப்புலதான் படிச்சான். பரீட்சையில குடம் வரையச் சொல்லியிருந்தேன். இது ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு, வயிறு கோணல். நூத்துக்கு இருபத்தெட்டு போட்டேன். போட்டது மட்டுமில்ல, எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டி, இதெல்லாம் ஒரு படமான்னு கேட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. பையை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டான். அதுக்கப்புறம் பென்சிலையே தொடல. இப்ப ஓசூர்ல ஹார்டுவேர் கடை வச்சிருக்கான். அவன் போன் பண்ணி நான் எடுத்தா, 'அம்மாகிட்டக் குடுங்க'ன்னு மட்டும் சொல்வான். இருபத்திரண்டு வருஷமாச்சு. கலைக்கு விதி உண்டுன்னா நான் செஞ்சது சரி. இல்லைன்னா..."

அம்மை தாளை வாங்கிக்கொண்டார். பிரித்துப் பார்க்கவில்லை.

"பூஜைக்கு முன்னால மடப்பள்ளிக்கு வெள்ளையடிக்கணும். ரெண்டு நீளச் சுவர் இருக்கு. அடிச்சிட்டு வாங்க, பேசலாம்."

மடத்தில் கேள்வி கேட்டால் முதலில் வேலைதான் கிடைக்கும் என்பது வந்த ஒரு மாதத்தில் அவருக்குப் பழகிப்போயிருந்தது. சுண்ணாம்பைக் கரைத்தார். துணியில் வடிகட்டி, ஒரு சிட்டிகை நீலம் போட்டார்.

மேற்குச் சுவர் வெறுஞ்சுவர். பத்தரைக்கெல்லாம் முடிந்துவிட்டது.

கிழக்குச் சுவர் முழுக்க அடுப்புக்கரிப் படங்கள். சமையல் பார்க்கும் பொன்னுத்தாயின் கைவரிசை. உலை கொதிக்கிறவரைக்கும் அவளால் சும்மா இருக்க முடியாது, எதையாவது போட்டுக்கொண்டே இருப்பாள். கோழி, முருங்கை மரம், தும்முகிற ஒரு மீசைக்காரர், சுருண்டு படுத்த பூனை. கயிலாசத்தின் கண் பழக்கதோஷத்தில் மார்க் போட ஆரம்பித்தது. கோழிக்கு மூன்று கால் இருப்பதுபோலத் தெரிந்தது, பத்துக்கு இரண்டு. முருங்கைக்கு அளவுப் பொருத்தமே கிடையாது, ஒன்று.

"அழிச்சிடட்டுமா பொன்னுத்தாயி?"

"அழிங்கய்யா. கரிதான? சுவரு வெள்ளையா ஆயிட்டுன்னா மறுபடி போட்டுட்டுப் போறேன்."

சுவர் வேறு சமமாக இல்லை. பழைய வெள்ளை தடித்துப்போயிருந்த இடங்களுக்கு நடுவே இங்கே ஒரு பள்ளம், அங்கே ஒரு பள்ளம். முன்னால் அடித்தவர்கள் அரைகுறை ஆசாமிகள் என்று திட்டிக்கொண்டே வெள்ளையடிக்கும் மட்டையை இழுத்தார். ஒரு பள்ளத்தில் படுத்திருந்த பூனை ஒரே இழுப்பில் போனது. கோழி போனது. மீசைக்காரர் தும்மலோடு போனார்.

வலது மூலையில், இடுப்பு உயரத்தில், சின்னதாக ஓர் உருவம் இருந்தது. ஒல்லியான பையன். முதுகைக் காட்டி நிற்கிறான். தலை குனிந்திருக்கிறது. பக்கத்தில் பை தொங்குகிறது.

கயிலாசம் மட்டையை ஓங்கினார். கை இறங்கவில்லை.

சுண்ணாம்பு முழங்கை வழியாக வழிந்தது. சுற்றிலும் அடித்தார். இன்னும் கொஞ்சம் நெருங்கி அடித்தார். கடைசியில் ஒரு சாண் இடம் மிஞ்சியது. வகுப்பை விட்டு வெளியே போன முதுகு இதேதான். அன்றைக்கு அதைப் பார்த்தும் பார்க்காததுபோல அடுத்த தாளைக் கையில் எடுத்தவர் அவர். அப்படியே சாக்கின்மேல் உட்கார்ந்து அழுதார். அறுபத்தோரு வயசு மனுஷன், மடப்பள்ளியில், ஒரு வெங்காயம்கூட உரிக்காமல்.

பொன்னுத்தாய் கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னய்யா, கண்ணுல சுண்ணாம்பு தெறிச்சிட்டா?"

"இந்தப் பையன் யாரு?"

"எந்தப் பையன்?" குனிந்து பார்த்தாள். "அய்ய, அது கொடைல்லா! சாரல்ல நனைஞ்ச கொடைய ஆணியில மாட்டியிருந்தேன். பக்கத்துல மஞ்சப்பை. அதத்தான் போட்டேன்."

கயிலாசம் மறுபடி பார்த்தார். குடைதான். ஆனால் பையனும் அங்கேயேதான் நின்றான்.

அம்மை வாசற்படியில் நிற்பது அப்போதுதான் தெரிந்தது. கயிலாசம் எழுந்துகொண்டார்.

"குடையைப் பார்த்து அழுதிருக்கேன்மா. எனக்குப் பதில் கிடைச்சிடுச்சு. எல்லாம் பார்க்கிறவன் மனசுதான். கலைன்னு தனியா ஒண்ணு கிடையாது."

"வருஷா வருஷம் பூஜைக்கு ஒருத்தர் இங்க வெள்ளையடிப்பாங்க" என்றார் அம்மை. "போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு லாரி டிரைவர் வந்தார். பூசணிக்கொடி கிட்ட வந்ததும் அவர் கை நின்னுபோச்சு. போன வருஷம் ஒரு வக்கீல், பூனைகிட்ட நின்னார். இந்தப் பள்ளமெல்லாம் ஒவ்வொருத்தர் அடிக்காம நின்ன இடம். வக்கீல் விட்டுவச்ச பூனையைத்தான் காலையில நீங்க அழிச்சீங்க."

"அதைத்தானே நானும் சொல்றேன்? அவருக்குப் பூனை, எனக்குக் குடை."

"அப்படின்னா அந்த மேற்குச் சுவர்ல யாராவது ஒருத்தராவது நின்னிருக்கணுமே?"

கயிலாசம் திரும்பிப் பார்த்தார். மேற்குச் சுவர் ஒரு பள்ளம்கூட இல்லாமல் வழவழவென்று இருந்தது.

"அப்போ விதி இருக்கா?"

"இருந்தா எல்லாரும் ஒரே இடத்துல நின்னிருப்பாங்க."

பொன்னுத்தாய்க்கு இந்தப் பேச்சு எதுவும் பிடிபடவில்லை. குழம்பு அடிப்பிடிக்கிறது என்று அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

கயிலாசம் குரலை இறக்கிக் கேட்டார்.

"விதியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என் பையனுக்கு நான் போட்ட மார்க்கு சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

அம்மை காலையில் வாங்கிய தாளை நீட்டினார். மடிப்பு இன்னும் பிரியவில்லை.

"முப்பத்து மூணு வருஷத்துல எத்தனை பிள்ளைங்க படத்தைத் திருத்தியிருப்பீங்க ஐயா?"

"எண்ணி முடியுமா? ஆயிரக்கணக்குல இருக்கும்."

"அதுல எத்தனையைப் பெட்டியில வச்சு இங்க கொண்டுவந்தீங்க?"

கயிலாசம் குழாயடிக்குப் போய், விரலிடுக்கிலிருந்த சுண்ணாம்பெல்லாம் போகிறவரை கையைக் கழுவினார். வேட்டியில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் வந்து அந்தத் தாளைத் தொட்டார்.