சுருள்பல்லன் செய்த சீர்

அந்தக் காலத்தில் மீன்களுக்குப் பேச்சு உண்டு. இன்று சோளமும் பருத்தியும் விளைகிற மேட்டுநிலத்தில் அன்று கடல் புரண்டுகொண்டிருந்தது. அங்கே சுருள்பல்லன் என்றொரு சுறா இருந்தான்.

அந்நாளில் சுறாவுக்குப் பல் போனால் போனதுதான். ஆகவே சுருள்பல்லன் கடினமான எதையும் கடிக்கமாட்டான். மெத்தென்ற கணவாயை விழுங்கியே காலம் தள்ளினான். முளைத்த பற்கள் ஒன்றும் உதிராமல், கீழ்த்தாடைக்குள் சுருண்டு சுருண்டு சக்கரமாகிவிட்டன. அதைத் தடவிப் பார்ப்பதே அவன் சுகம்.

அவன் தங்கை வாலழகி, ஒரு திருக்கை. அவள் குஞ்சுகளுக்குப் பெயர் வைக்கும் நாளில் வெறும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"தாய்மாமன் சீர் எங்கே?" என்றது நண்டு.

"என் ஆசீர்வாதம் போதாதா?"

"போதும், போதும். அதைத் தட்டிலே வைத்துக் கொடு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வாலழகி தலைகுனிந்தாள்.

அப்போது கடல் மளமளவென்று பின்வாங்கியது. குஞ்சுகள் உறங்கிய உள்குட்டைக்கும் கடலுக்கும் நடுவே சுண்ணாம்புப் பாறை மேலெழுந்து வழியை அடைத்தது. உள்ளே நீர் வற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணே! என் பிள்ளைகள்!"

சுருள்பல்லன் பாறையைப் பார்த்தான். நாக்கால் பற்சக்கரத்தை ஒருமுறை தடவினான். பிறகு வாயைப் பிளந்து பாறையில் பாய்ந்தான். அறுத்தான். பல் தெறித்தது. மேலும் அறுத்தான். கடைசிப் பல்லும் உடைந்தபோது பாறையில் ஒரு வாய்க்கால் விழுந்தது. அதன் வழியே குஞ்சுகள் சறுக்கிக்கொண்டு வந்து அவன் மூக்கில் மோதின.

"மாமா, உங்க வாயிலே ஒண்ணுமே இல்லையே!"

"எல்லாம் உங்க சீர்தான், கண்ணுகளா!" என்று பொக்கைவாயால் குழறினான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பல் போய்விடுமோ என்ற பயமின்றி அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. நண்டு இரு கொடுக்குகளையும் தட்டி ஆடியது.

கடலும் சிரித்தது. "பிள்ளைகளுக்காகக் காலியான வாய். இனி இதை நான் காலியாக விடமாட்டேன்" என்றது. உடனே அவன் ஈறு குறுகுறுத்தது.

இன்று அந்தக் கடல் இல்லை; சுருள்பல்லனும் இல்லை. மழை ஓய்ந்த சோளக்காட்டில் கல்லாகிப்போன பற்கள் மட்டும் மினுங்குகின்றன. சீராகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது மரியாதையா என்று அவன் வம்சத்தார் அவற்றைத் தேடி வருவதில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. அன்று முதல்தான் சுறாவுக்குப் பல் விழ விழ முளைத்துக்கொண்டே இருக்கிறதே!