பூமி அழுந்த உட்கார்ந்த கதை

அந்தக் காலத்தில், வாயுள்ள ஜீவனெல்லாம் பேசிக்கொண்டு திரிந்த நாளில், கீழே விழுவது என்று ஒன்று கிடையாது. விட்ட பொருள் விட்ட இடத்தில் நிற்கும். லேசாகத் தட்டினால் போகும், போனது போனதுதான். ஆறும் கிடையாது. தண்ணீர் உருண்டை உருண்டையாகக் காட்டுக்குள் அலையும். தாகம் எடுத்தவர்கள் துரத்திப் பிடித்துக் குடிக்க வேண்டும். யானைகூடத் தும்பிக்கையால் புல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் பூமிதான். புதுச் சம்பந்தி வீட்டுக்குப் போனவர்கள் நாற்காலி நுனியில் உட்காருவார்களே, அப்படி அது ஆகாயத்தின் மேல் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தது. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாதாம்.

அந்தக் காட்டில் கொம்பாயி என்று ஒரு மந்தி இருந்தாள். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். அவளுக்கு ஒரே பிள்ளை, பெயர் கடுகன். அப்போதெல்லாம் குரங்குத் தாய்மார் குட்டியை ஒரு கையால் அணைத்தபடியே திரிவார்கள். கனமே இல்லாத உடம்புக்கு மரத்துக்கு மரம் போக மறு கை போதும்.

ஒரு நாள் பலாப்பழம் ஒன்று கொம்பாயியின் மூக்கைத் துளைத்தது. பலாவை ஒற்றைக் கையால் பிளக்க முடியுமா? "அசையாம இரு, சுளை எடுத்துத் தாரேன்" என்று குட்டியைக் கிளையில் விட்டுவிட்டு இரண்டு கையையும் பழத்தில் வைத்தாள். குரங்குக் குட்டியிடம் அசையாமல் இரு என்று சொன்ன புத்திசாலி அவள் ஒருத்திதான். கடுகன் கிளையை ஓர் உதை உதைத்தான்.

"அம்மா, இங்க பாரு! நான் பறக்கேன்!"

கொம்பாயி எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். வால் நுனி விரலில் பட்டு நழுவியது. குட்டி சிரித்துக்கொண்டே உயரப் போனான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்று அழுகைச் சத்தம் கேட்டது. கொம்பாயி கூச்சல் போட்டாள்.

காடே கூடிவிட்டது. யானை சொன்னார்: "கனம் இல்லாததுதான் மேல போகும். பிள்ளைக்கு நல்லா ஊட்டியிருந்தா போயிருக்குமா?"

"உங்க தம்பி தும்மினாரு, போயிட்டாரே அண்ணே! அவரு என்ன பட்டினியா கெடந்தாரு?" என்று கேட்டாள் கொம்பாயி.

ஆந்தை கண்ணை உருட்டியது: "ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொந்த ஊரு உண்டு. அது அது தன் ஊருக்குத்தான் போகும்."

"எம் பிள்ளைக்கு ஊரு என் மடிதான். அங்க வரலியே!" என்று கொம்பாயி கத்தினாள்.

அப்போதுதான் அருகில் இருந்த சிலந்தி வலை அவள் கண்ணில் பட்டது. வலை நடுவில் ஒரு வண்டு சிக்கி முண்டிக்கொண்டிருந்தது. அது அழுந்த அழுந்த நூலெல்லாம் அதன் பக்கம் சாய, நூலில் ஒட்டியிருந்த பனித்துளிகளும் சுற்றிலுமிருந்து வண்டிடம் வந்து சேர்ந்தன. துளிகளை யாரும் தொடவில்லை.

"துளியை யாரு இழுத்தா?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் இழுக்கல. வண்டு அழுந்துச்சு, வலை குழிஞ்சுச்சு. அவ்வளவுதான்" என்றது சிலந்தி.

கொம்பாயிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மரத்தடிக்குப் பாய்ந்து தரையை ஓங்கி அறைந்தாள்.

"தாயீ! ஏன் இப்படி நுனியில உட்கார்ந்திருக்க? அழுந்த உட்காரு!"

பூமி தயங்கியது. "உட்கார்ந்தா ஆகாயம் குழியும். எல்லாம் என் பக்கம் வரும். அப்புறம் நான் எந்திரிக்கவே முடியாது. கை நழுவினா விழணும், விழுந்தா அடிபடும். யானை, எறும்பு, உன் பிள்ளை, எனக்கு ஆள் பார்க்கத் தெரியாது. சம்மதமா?"

கொம்பாயி அண்ணாந்து பார்த்தாள். குட்டி ஒரு புள்ளியாகிவிட்டான்.

"அடிபட்டா தடவிக் கொடுப்பேன். ஆளே இல்லன்னா நான் யாரைத் தடவ? உட்காரு தாயீ!"

மரத்தில் தாவி ஏறி, உச்சிக் கிளைக்கு வந்து நின்றாள். பூமி பெருமூச்சு விட்டு, அழுந்த உட்கார்ந்தது.

ஆகாயம் குழிந்தது. அலைந்த தண்ணீரெல்லாம் மழையாகக் கொட்டி ஆறாக ஓடியது. அவசரமாக ஓடிக்கொண்டிருந்த நிலா குழியின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. ஓட்டத்தை விடவும் மனமில்லை, தப்பவும் வழியில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. யானையின் தம்பி தொப்பென்று ஆற்றில் விழுந்தார். கூடவே ஒரு நெல்லிக்காய். "இம்புட்டுக் கனம் நான், இது எப்படி என்கூடவே வந்துச்சு?" என்று அவருக்கு ஒரே அவமானம்.

கொம்பாயிக்கு இதையெல்லாம் பார்க்க நேரமில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக உடம்பு கனத்தது. கால் சறுக்கி, இரண்டு கையாலும் கிளையைப் பற்றித் தொங்கினாள். மேலிருந்து இலைகளைப் பிய்த்துக்கொண்டு கடுகன் வந்துகொண்டிருந்தான். ஒரு கையை எடுத்தால் இருவரும் போக வேண்டியதுதான்.

"கடுகா! அம்மாவுக்குக் கையில்லடா! நீ பிடிச்சுக்கோ!"

வந்த வேகத்தில் குட்டி அவள் வயிற்றில் மோதி, நான்கு கைகால்களாலும் ரோமத்தை அள்ளிப் பிடித்தான். கிளை ஆடி ஆடி நின்றது. அவன் விடவில்லை. அவள் தரையில் இறங்கி உட்கார்ந்து, முதுகைத் தடவி, "போதும், விடுடா" என்று அழுதுகொண்டே சொன்ன பிறகும் விடவில்லை.

பூமி பிறகு எழுந்திருக்கவே இல்லை. அன்று முதல்தான் மந்தி குட்டியைப் பிடிப்பதில்லை. இரண்டு கையாலும் கிளையைப் பிடித்து அவள் தைரியமாகத் தாவுகிறாள், குட்டிதான் அவளை விடாமல் பிடித்துக்கொள்கிறது.